ஹீட் பிரஸ் தகட்டைச் சூட்டோடு துடைக்கலாமா?

ஜூன் 4, வந்த கேள்வி

"வீட்டில் வைத்துச் சட்டைகளுக்கும் துணிப்பைகளுக்கும் அச்சிடுவதற்காக 38க்கு 38 சென்டிமீட்டர் அளவில் ஹீட் பிரஸ் (சூடான தகட்டால் துணியை அழுத்தும் கருவி) ஒன்று வைத்திருக்கிறேன். மேல்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஏதோ ஒட்டிப் பழுப்பாகக் கருகியிருக்கிறது. சப்ளிமேஷன் அச்சில் (காகிதத்தில் உள்ள மையைச் சூட்டால் துணிக்கு மாற்றும் முறை), வெள்ளைத் துணியின் மேல், ஊசிமுனை அளவு நீலப் புள்ளிகளும் அங்கங்கே விழுகின்றன. இரண்டுக்கும் தகட்டின் அழுக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். தகடு சூடாக இருக்கும்போதே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரே இழுப்பில் துடைத்தால் எல்லாம் வந்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். செய்யலாமா?"

ஜூன் 4, இரவு

செய்யக் கூடாது. தகட்டில் சூடு இருக்கலாம், துணியில் ஆல்கஹால் இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்கக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஏறத்தாழ 82 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதன் ஆவி பொறி பட்டுத் தீப்பிடிக்கவோ 12 டிகிரியே போதும். 160 டிகிரியில் இருக்கும் தகட்டில் நனைந்த துணியை வைத்தால், அழுக்கு கரைவதற்கு முன்பே ஆல்கஹால் முழுவதும் ஆவியாகி உங்கள் முகத்துக்கு நேராக எழும். தகட்டின் சூடு மட்டுமே அந்த ஆவியைப் பற்றவைத்துவிடாது என்பது உண்மைதான், அதற்கு ஏறக்குறைய 400 டிகிரி வேண்டும். ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் பெட்டிக்குள், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் சிறு பொறி எழக்கூடும், அந்தப் பெட்டி உங்கள் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. உங்களிடம் அடித்துச் சொன்னவர் இதுவரை தப்பித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி அந்தப் பழுப்புக் கறை. படங்களை வெட்டித் துணியில் ஒட்டப் பயன்படும் வினைல் என்ற பிளாஸ்டிக் தாளின் பின்புறத்தில் உள்ள பசை சூட்டில் இளகி, ஆறினால் இறுகும் வகையைச் சேர்ந்தது. அதனால்தான் அது துணியில் ஒட்டுகிறது; அதனால்தான் பாதுகாப்புத் தாள் நழுவிய அன்று தகட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. இளக வைத்தால் எந்தத் திரவமும் இல்லாமலேயே பெரும்பகுதி வந்துவிடும். நான் தகட்டை 120 டிகிரி வரை ஏற்றி, சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, நான்காக மடித்த பழைய பருத்தித் துணியை, வெப்பம் தாங்கும் கையுறை போட்ட கையால் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி இழுப்பேன். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் கறை பரவும். சட்டைப் பொத்தான் அளவு இருந்ததை அப்படித்தான் ஒரு முறை உள்ளங்கை அளவுக்கு வளர்த்தேன். துணியின் ஒரு மடிப்பு அழுக்கானதும் அடுத்த மடிப்புக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு தகடு கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும், மிச்சமிருக்கும் மெல்லிய படலத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் எடுத்துவிடலாம்.

இளகாமல் கரியாகிப்போன பகுதி இதற்கெல்லாம் மசியாது. தடவிப் பார்க்கும்போது மேடு தட்டவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். தகட்டுக்கும் துணிக்கும் நடுவே எப்படியும் ஒரு தாள் இருக்கப்போகிறது, அழகுக்காகத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கப்போவது நீங்கள் மட்டும்தான். இதை எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், முதல் வருடம் நான் சவர பிளேடால் சுரண்டினேன். கரி போனது, அதோடு ஒட்டாப் பூச்சும் போனது. கட்டைவிரல் நகம் அளவுக்கு அலுமினியம் வெள்ளையாகப் பளபளத்துக்கொண்டு இன்றும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 5

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "கைபொறுக்கும் சூடு" என்று சொன்னது சரியான அளவல்ல, ஏனென்றால் தினமும் இஸ்திரி போட்டுப் பழகிய கை பொறுக்கும் சூட்டைப் பழகாத கை பொறுக்காது. ஆல்கஹால் தொடுவதாக இருந்தால் தகடு முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான அலுமினியத் தகடு ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே பிடிக்கும். ஈரத்துணி போட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று: திரவத்தைத் தகட்டின் மேல் நேரடியாகத் தெளிக்காதீர்கள். தகட்டுக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் மின்கம்பிகளின் முனைகள் இருக்கின்றன. எதுவானாலும் துணியில் தொட்டு, துணியைப் பிழிந்து, பிறகு துடைக்க வேண்டும்.

ஜூன் 9

பழுப்புக் கறை பெரும்பாலும் வந்துவிட்டது, நீலப் புள்ளிகள் மட்டும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் கீழ்ப்பக்கத்து மெத்தையின் மேல் விழுகிறது. என்னிடம் ஒரு நீல இலை இருந்தது. அதன் கதையைச் சொன்னால் சந்தேகத்தின் காரணம் புரியும்.

சப்ளிமேஷன் மை 190 முதல் 200 டிகிரி சூட்டில் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள் நுழைகிறது. ஆவி என்பதால் அது நாம் காட்டும் திசையில் மட்டும் போவதில்லை. காகிதத்தின் முதுகு வழியாக மேலேயும் கசியும், மெல்லிய துணியின் வழியாகக் கீழேயும் இறங்கும். ஒரு நாள் இலை வடிவம் ஒன்றை மெல்லிய துணியில் அச்சிட்டேன். அடுத்த வாரம் அச்சிட்ட எல்லாத் துணிகளிலும், சம்பந்தமே இல்லாமல், மங்கலாக அதே இலை. மேல்தகட்டை மூன்று மாலைகள் துடைத்தேன். முதல் நாள் சோப்பு நீர் தொட்ட துணி, இரண்டாம் நாள் ஆல்கஹால், மூன்றாம் நாள் இரண்டும். ஒவ்வொரு முறையும் வீணான வெள்ளைத் துணி ஒன்றைச் சோதனைக்காக அழுத்திப் பார்த்தேன்; சுத்தமாக வந்தது. நிம்மதியாக வாடிக்கையாளரின் சட்டையை வைத்தேன், இலை வந்தது.

சோதனைக்கு நான் எடுத்த துணி பருத்தி. சப்ளிமேஷன் மை பருத்தியில் சரியாகப் பிடிக்காது. திருடனைப் பிடிக்கக் குருடனைக் காவலுக்கு வைத்தது போல, அழுக்கைக் காட்டவே முடியாத துணியிடம் அழுக்கு இருக்கிறதா என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். பாலியஸ்டர் துண்டை எடுத்து, மேலே புதுக் காகிதம் வைத்து, கீழே எதுவும் வைக்காமல் 200 டிகிரியில் 60 விநாடி அழுத்தியதும் இலை நரம்போடு வந்தது. பிறகு கீழே புதுக் காகிதம் வைத்து மேலே எதுவும் வைக்காமல் அழுத்தினேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது. மேல்தகட்டின் மீது எந்தக் குற்றமும் இல்லை. மை முழுவதும் கீழ் மெத்தையில் இருந்தது.

சிலிக்கோன் பஞ்சு மெத்தைக்குள் இறங்கிய மையைக் கழுவி எடுக்க முடியாது. மேலோட்டமாகத் துடைத்தால் வெளியே இருப்பது போகும், அடுத்த சூட்டில் உள்ளே இருப்பது மேலே வரும். என் மெத்தையில் அந்த இலை இப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பூச்சு இல்லாத வெள்ளைக் காகிதம் வைத்து, அச்சிட்டதும் இரண்டையும் தூக்கி எறிந்துவிடுகிறேன். ஒரு காகிதத்தை மிச்சம்பிடிக்கிறேன் என்று இரண்டாம் முறை வைப்பவர்தான் அடுத்த இலைக்கு விதை போடுகிறவர்.

ஆகவே இந்த இரு சோதனைகளையும் செய்துவிட்டுச் சொல்லுங்கள். துண்டு பாலியஸ்டராக இருக்கட்டும்.

ஜூன் 11

தகட்டுக்கும் துணிக்கும் நடுவே வைக்கும் தாளைப் பற்றி: மெழுகுத் தாளும், கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் தாளும் ஒன்றல்ல. முதலாவதில் இருப்பது மெழுகு; சூட்டில் உருகித் துணியிலும் தகட்டிலும் ஏறிக்கொள்ளும். இரண்டாவதில் இருப்பது சிலிக்கோன் பூச்சு. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருப்பதால் அட்டையைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஜூன் 18

பலமுறை பயன்படுத்தும் டெஃப்லான் தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வினைல் வேலைக்கு அது போதும், ஆனால் அதற்கு ஒரு மேல்பக்கமும் ஒரு கீழ்ப்பக்கமும் வகுத்து, என்றும் அந்த ஒழுங்கை மாற்றாமல் இருக்க வேண்டும். தகட்டைத் தொட்ட பக்கம் மறுநாள் துணியைத் தொட்டால், பாதுகாக்க வந்த தாளே அழுக்கைச் சுமந்து போகும் வாகனமாகிவிடும்.

இதை மறக்காமல் இருப்பதற்காக நான் தாளின் ஒரு மூலையில் அழியாத மார்க்கர் பேனாவால் "மேல்" என்று பெரிதாக எழுதினேன். சில நாள் கழித்து அவசரத்தில் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டேன். வெள்ளைச் சட்டையின் விலாப் பக்கத்தில் "மேல்" என்ற சொல் கண்ணாடியில் தெரிவது போல இடம்வலம் மாறி, கருநீலமாக, நான் அன்று அச்சிட்ட படத்தைவிடத் தெளிவாகப் பதிந்தது. தாள் திரும்பக் கூடாது என்பதற்காக எழுதிய எழுத்து, தாள் திரும்பியதை இவ்வளவு சிறப்பாக அறிவித்ததில் எனக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. அந்தச் சட்டையை வீட்டில் நானே அணிகிறேன்.

இப்போது எழுதுவதில்லை. தாளின் வலது மேல் மூலையைக் கத்தரியால் சாய்வாக வெட்டிவிட்டேன். வெட்டிய மூலை வலப்பக்கம் இருந்தால் சரி, இடப்பக்கம் இருந்தால் தாள் திரும்பியிருக்கிறது.

ஜூன் 19

நேற்று எழுதிய கடைசிப் பத்தி அபத்தம். என் தாள் சதுரம். சதுரத்தின் ஒரு மூலையைச் சமச்சாய்வாக வெட்டினால், தாளைத் திருப்பிப் போட்டுக் கால்வட்டம் சுற்றினாலும் வெட்டு அதே வலது மேல் மூலைக்கே வந்து நிற்கும். நீள்சதுரத் தாளுக்குத்தான் அந்த உபாயம் பலிக்கும். இன்று காலை தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இத்தனை நாள் என்னைக் காப்பாற்றியது வெட்டு அல்ல, அதிர்ஷ்டம். மூலையை விட்டுவிட்டு, ஒரு விளிம்பில், மூலையிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு சிறு பள்ளம் வெட்டுங்கள். பள்ளம் உள்ள விளிம்பை எதிரே பிடித்தால், அது வலக்கைப் பக்கம் இருக்கிறதா இடக்கைப் பக்கம் இருக்கிறதா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஜூன் 26

பள்ளமும் முழு வெற்றியல்ல. டெஃப்லான் தாள் என்று நாம் சொல்வது கண்ணாடியிழைத் துணியின் மேல் டெஃப்லான் பூசியது. வெட்டிய இடத்தில் இழை பிரிந்து, விரலில் குத்தி அரிக்கிறது. வெட்டின் மேல் சப்ளிமேஷனுக்குப் பயன்படும் வெப்பம் தாங்கும் டேப்பைச் சிறிது மடித்து ஒட்டிவிட்டேன். தாளைக் கசக்கி மடித்து வைப்பவர்களுக்கும் இதே கதிதான், ஏனென்றால் மடிப்பில் பூச்சு விரிந்துவிடும். சுருட்டியோ தட்டையாகவோதான் வைக்க வேண்டும்.

ஜூலை 2

இன்று வெப்பநிலை பற்றி. தகட்டின் தூய்மையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அது காட்டும் எண் உண்மையா என்று பார்க்காமல் இருப்பது பாதிப் பராமரிப்புதான். கண்ட்ரோலரில் 180 என்று வைத்து, எண் நிலைத்தபின் பத்து நிமிடம் விட்டு, அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் தகட்டில் ஒன்பது இடங்களில் அளந்தேன். எட்டு இடங்களில் 174 முதல் 181 வரை வந்தது. ஓரங்கள் நடுவைவிடச் சிறிது குறைவாக இருப்பது இயல்பு. ஒன்பதாம் இடத்தில், இடப்பக்கம் கீழே, 121.

அறுபது டிகிரி வித்தியாசம் என்றால் அந்தப் பகுதியில் உள்ளே ஓடும் வெப்பக்கம்பி செத்துவிட்டது என்று பொருள். தகட்டோடு வார்த்த கம்பி என்பதால் தகட்டையே மாற்ற வேண்டியிருக்கும். இடப்பக்கத்தில் வினைல் சரியாக ஒட்டாத பழைய துணிகள் இரண்டு நினைவுக்கு வருகின்றன. இப்போது காரணம் புரிகிறது. உங்கள் கருவியிலும் இப்படி ஒன்பது இடங்களில் அளந்து பாருங்கள்.

பொதுவாக நான்கைந்து டிகிரி வித்தியாசம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் கண்ட்ரோலரின் அமைப்புக்குள் சென்று திருத்த எண் கொடுக்கலாம். பெரிய வித்தியாசம் திடீரென்று வந்தால் எண்ணைத் திருத்தாமல் சென்சாரைப் பாருங்கள். தகட்டின் முதுகில் உள்ள துளையிலிருந்து தெர்மோகப்பிள் என்னும் அந்தச் சென்சார் நழுவியிருந்தால், அது காற்றின் வெப்பத்தை அளந்து "இன்னும் சூடாகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கண்ட்ரோலரும் நம்பிச் சூட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். டெஃப்லான் தொடர்ந்து தாங்கும் எல்லை 260 டிகிரி. அதை வெகுவாகத் தாண்டினால் அது சிதைந்து வெளியிடும் புகை மனிதருக்குக் கேடு, கூண்டுப் பறவைகளுக்கு உயிருக்கே ஆபத்து. தாள் ஒரே நாளில் பழுப்பேறினாலோ பழக்கமில்லாத நாற்றம் வந்தாலோ எண்ணை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கி, சன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள்.

ஜூலை 13

புதுத் தகட்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கிடையில் நட்டு போல்ட்டுகள்.

அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் ஏறத்தாழ 23 மைக்ரோமீட்டர் விரியும். அற்பமாகத் தோன்றுகிறதல்லவா? 38 சென்டிமீட்டர் தகடு 25 டிகிரியிலிருந்து 190 டிகிரிக்கு ஏறும்போது கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர் வருகிறது. ஒவ்வொரு முறை வேலை தொடங்கும்போதும் தகடு அவ்வளவு நீள்கிறது, முடிந்ததும் சுருங்குகிறது. அதைத் தாங்கியிருக்கும் போல்ட்டுகள் வருடத்துக்குச் சில நூறு தடவை இந்த இழுபறியில் மாட்டுகின்றன. தளராமல் என்ன செய்யும்? மாதம் ஒரு முறை, ஆறிய நிலையில், ஆலன் சாவியால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறேன். தொட்டுப் பார்ப்பது என்றுதான் சொல்கிறேன். இருக்கும் பலத்தையெல்லாம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

அழுத்தம் சமமாக இருக்கிறதா என்று அறிய நான்கு காகிதக் கீற்றுகள் போதும். ஆறிய தகட்டின் நான்கு மூலைகளிலும் பாதி உள்ளே பாதி வெளியே இருக்குமாறு வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். வாய் பிளப்பது போலத் திறக்கும் கருவியில் கீல் இருக்கும் பின்பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது, குறிப்பாகத் தடித்த பொருளை வைக்கும்போது, அந்த அமைப்பின் குணம். இடமும் வலமும் வேறுபட்டால்தான் ஏதோ தளர்ந்திருக்கிறது.

கீலுக்கு மசகு போடுவதில் எனக்கு ஒரு காலத்தில் தாராள மனம் இருந்தது. சாதாரண எண்ணெயைச் சொட்டச் சொட்ட விட்டேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தகடு சூடேறியதும் எண்ணெய் நீர்த்து, கைப்பிடித் தண்டின் வழியாக மெதுவாக இறங்கி, வெள்ளைச் சட்டையின் தோளில் மூன்று சொட்டாக விழுந்தது. இப்போது வெப்பம் தாங்கும் கிரீஸை விரல் நுனியில் எடுத்து, கீலின் ஊசியில் மட்டும் தடவி, கருவியை இருபது முறை திறந்து மூடி, வெளியே பிதுங்கியதையெல்லாம் துடைத்துவிடுகிறேன். துருவை இளக்கும் தெளிப்பான்கள் இறுகிய போல்ட்டைக் கழற்ற உதவும். கீலுக்கு நிலையான மசகாக அவற்றை நம்ப வேண்டாம்.

ஜூலை 20

ஜூலை 2 குறிப்பின் நடுப்பகுதியை யாரும் நம்ப வேண்டாம். வெப்பக்கம்பி சாகவில்லை.

தகட்டை வாங்கப் பணம் கட்டுவதற்கு முந்தின இரவு, கடைசியாக ஒரு முறை உறுதிசெய்யலாம் என்று அந்த 121 டிகிரி இடத்தில் சிறு வினைல் துண்டை வைத்து அழுத்தினேன். மற்ற இடங்களில் ஒட்டியது போலவே ஒட்டியது. உரித்துப் பார்த்தேன், வரவில்லை. செத்த கம்பி எப்படி ஒட்டும்? விளக்கைத் தகட்டுக்குக் கீழே பிடித்து நிமிர்ந்து பார்த்தேன். இடப்பக்கம் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு, வெள்ளையாகப் பளபளத்தது.

முதல் வருடம் பிளேடால் சுரண்டிய அதே இடம். அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பத்தைத் தொட்டு அளப்பதில்லை, பரப்பு வீசும் கதிரை வைத்துக் கணக்கிடுகிறது. கருமையான ஒட்டாப் பூச்சு நன்றாகக் கதிர் வீசும். பளபளக்கும் அலுமினியமோ அதில் பத்தில் ஒரு பங்குகூட வீசுவதில்லை. அது தன் வெப்பத்தைச் சொல்லாமல், எதிரே இருக்கும் அறையின் வெப்பத்தைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். துப்பாக்கியின் பார்வை வட்டத்தில் பாதி பூச்சும் பாதி வெற்றுலோகமும் விழுந்ததால் இரண்டுக்கும் நடுவே ஒரு பொய்யெண் வந்தது. அந்த இடத்தில் வெப்பம் தாங்கும் டேப்பை ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்தேன். மற்ற இடங்களோடு ஏறத்தாழ ஒத்துப்போனது.

இடப்பக்கம் ஒட்டாத அந்த இரண்டு பழைய துணிகள்? ஒன்றில் தையல் மடிப்பு தகட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. மற்றதற்கு எனக்கு விடை இல்லை; ஆனால் விடை கிடைத்துவிட்டதாக அன்று எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறேன் என்று படிக்கும்போது வெட்கமாக இருக்கிறது. உங்கள் தகடு முழுவதும் பூச்சில்லாத பளபளப்பு என்றால், டேப் ஒட்டாமல் துப்பாக்கியைத் தூக்கவே வேண்டாம்.

ஆகஸ்ட் 3

"தூசி விழாமல் இருக்க வேலை முடிந்ததும் கருவியை மூடி வைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சூட்டோடு மூடி வைத்தால் சிலிக்கோன் மெத்தை அழுந்தியபடியே பழகி, நாளடைவில் எழும்பி வரும் தன்மையை இழந்துவிடும். ஆறிய நிலையில் மூடி வைத்தாலும் மாதக்கணக்கில் அதே கதிதான். மெத்தை பழுதா என்று பார்க்க, கட்டைவிரலால் நடுவிலும் ஓரத்திலும் அழுத்திப் பாருங்கள். எப்போதும் ஒரே அளவுப் படத்தை ஒரே இடத்தில் அச்சிடுபவர்களுக்கு நடுவில் மட்டும் குழி விழும். அப்படியானால் மெத்தையைக் கால்வட்டம் சுற்றி ஒட்டுவதால் பயனில்லை, குழியும் கூடவே நடுவில் சுற்றும். மாற்றத்தான் வேண்டும். பழைய மெத்தையின் பசையைக் கீழ்த்தகட்டிலிருந்து எடுக்கும்போது பிளேடு எடுக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

தூசிக்கு, திறந்த நிலையில், முழுவதும் ஆறியபின், மேலே ஒரு துவைத்த பருத்தித் துணியைப் போர்த்துங்கள்.

மின்கம்பி பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1800 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியில் செருகி ஒரு மணி நேரம் வேலை செய்துவிட்டு அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் ஏன் கூடாது என்று புரியும். அதைச் சுருட்டியபடியே வைத்திருந்தால் இன்னும் விரைவில் புரியும். சுவரில் உள்ள தனிப் பிளக்கில் நேராகச் செருகுங்கள். பிளக்கின் முனை கறுத்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி செருகாதீர்கள், உள்ளே பிடிப்பு தளர்ந்ததன் அடையாளம் அது. பக்கவாட்டில் சுழன்று திறக்கும் கருவியில் தகட்டுக்குப் போகும் கம்பி ஒவ்வொரு முறையும் வளைவதால், வளையும் இடத்தில் உறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

ஆகஸ்ட் 17

உங்கள் சோதனைத் துண்டுகளின் படங்கள் வந்தன. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. தகட்டிலும் மை இல்லை, மெத்தையிலும் மை இல்லை. புள்ளிகள் மட்டும் தொடர்கின்றன, அதுவும் ஒவ்வொரு துணியிலும் வேறு வேறு இடத்தில்.

"வேறு வேறு இடத்தில்" என்பதை நீங்கள் இப்போதுதான் சொல்கிறீர்கள், ஆனால் ஜூன் 4 கேள்வியிலேயே "அங்கங்கே" என்று இருக்கிறது. நான் அதைத் தாண்டிப் போய் என் இலையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மெத்தையில் இருக்கும் மை ஒரே இடத்தில்தான் வரும், அதே வடிவில்தான் வரும். இடம் மாறும் புள்ளி என்றால் அது துணியோடு வருகிறது: காற்றில் மிதந்து படியும் நூல் துகள். வெறும் கண்ணுக்குத் தெரியாத சாயமேறிய இழைத் துகள் ஒன்று வெள்ளைப் பாலியஸ்டரின் மேல் கிடந்தால், 200 டிகிரியில் அதன் சாயம் இறங்கி ஊசிமுனை அளவுக்கு நீலமாகப் பதியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில புள்ளிகள் புள்ளியாக இல்லாமல் மயிரிழை போல வளைந்திருக்கின்றன.

ஒட்டும் உருளையால் துணியின் முன்பக்கத்தை இரண்டு திசையிலும் உருட்டி எடுத்து, ஈரம் போகத் துணியை மட்டும் நான்கைந்து விநாடி அழுத்தி, மறுபடி ஒரு முறை உருட்டிவிட்டு, அதன் பிறகு காகிதத்தை வைத்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 19

புள்ளி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு துணிகளில் ஒன்றில்கூட இல்லையாம். கருவிக்குப் பக்கத்தில் நீலத் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்ததாகவும், சூடான துணியை எடுத்து அதன் மேல்தான் ஆறப்போட்டதாகவும் சொல்கிறீர்கள். அந்தத் துண்டு எதற்காக அங்கே இருந்தது என்று கேட்டிருந்தேன். பதில் இப்போது வந்தது. தகட்டைத் துடைப்பதற்காக.